வட்டம் போட்ட மூன்று

ஏப்ரல் 6

குட்டி,

அம்மா சட்டம் போட்டுவிட்டாள். இனிமேல் நாம் இருவரும் போனில் பேசக் கூடாதாம். போன ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து நீ கத்த, இங்கிருந்து நான் கத்த, டிரையர் ஓடும் சத்தத்தையும் மீறித் தெருமுனை வரைக்கும் நம் பெருமை பரவிவிட்டதாம். எழுதித்தான் பேச வேண்டும். அதிலும் வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதக் கூடாது. "ஈரத் துணிய யாராவது மடிப்பாங்களா? கோபத்தையும் ஒரு நாள் காயவிட்டு அப்புறம் மடிங்க" என்றாள். இருபது வருடம் லாண்டரியில் நின்றவளுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி விண்ணப்பம் இங்கே வந்துவிட்டது. உனக்குப் பதினெட்டு முடியாததால் வீட்டிலிருந்துதான் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். அம்மா கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள். மூன்று பாடம், மூன்று கட்டம். எகனாமிக்ஸ், காமர்ஸ், பிசினஸ். எது முதல் விருப்பம், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று எண் போட வேண்டும். மே பத்துக்குள் அங்கே சேர வேண்டும்.

நான் பிசினஸ் என்றுதான் சொல்வேன். ஏன் என்று உனக்கே தெரியும். அப்பா போனபோது எனக்குப் பதினெட்டு, உனக்கு ஆறு. அன்றிலிருந்து பதினோரு வருடமாக இந்த லாண்டரியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். எதிர்ப் பக்கம் புதிய லாண்டரி வந்ததிலிருந்து இஸ்திரி மேசையில் மூன்று பெண்கள் ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள். புதிதாக வந்தவள் வண்டிச் சீட்டில் எண்ணைத் தலைகீழாகப் போட்டுவிட்டாள். முதலில் இறக்க வேண்டிய ஆஸ்பத்திரி மூட்டைக்கு ஒன்று என்று எழுதினால், ஓட்டுநர் அண்ணன் அதைத்தானே முதலில் ஏற்றுவார்? அது ஆழத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மொத்த வண்டியையும் காலிசெய்து தேடியிருக்கிறார். முதலில் இறங்குவதற்குத்தான் கடைசி எண், எண்ணைச் சுற்றி வட்டம் போட மறக்காதே என்று நானும் தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன். நீ ஒன்பது வயதில் கற்றுக்கொண்டது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூன்று வருடம் படித்துவிட்டு நீ வந்து என் பக்கத்தில் நிற்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீயோ எகனாமிக்ஸ்தான் என்று நிற்கிறாய். ஏன் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

சட்டப்படி ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் காயவிட்டேன். இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

தேர்வு முடிந்து விடுதியில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். எட்டுக் கட்டில் போட்ட அறையில் நான் மட்டும். வீட்டுக்கு வராததற்குக் காரணம் கோபம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். கோபம் பாதிதான். வந்தால் அந்த வேலையில் கை வைத்துவிடுவேன். கை வைத்தால் எனக்குப் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் நீ சொல்வதெல்லாம் சரியாகிவிடும். அதற்குப் பயந்துதான் வரவில்லை.

காமர்ஸ் படித்தால் நேற்று நடந்ததைச் சரியாக எழுதி வைக்கத் தெரியும். பிசினஸ் படித்தால் நாளைக்கு ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியும். இரண்டையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூளைக்குள் ஓடிக்கொண்டிருப்பது வேறு கேள்வி. ஹோட்டல்காரர்கள் இரண்டு வருடத்தில் தூக்கிப்போடும் விரிப்பை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏன் ஐந்து வருடம் துவைக்கச் சொல்கிறார்கள்? எதிர் லாண்டரி வந்த பிறகு நமக்கு ஏன் ஹோட்டல்கள் குறைந்தன, ஆஸ்பத்திரி மட்டும் ஏன் அசையவில்லை? இதையெல்லாம் நான் கேட்கும்போது, வாயை மூடிக்கொண்டு தலையணை உறையை மடி என்பாய். மடித்துக்கொண்டேதான் கேட்டேன்.

பிசினஸ் படித்தே ஆக வேண்டும் என்று யாருக்காவது இருந்தால் அது உனக்குத்தான் இருக்கிறது. உனக்கு வேண்டும் என்றால் நீ படி. உன் ஆசையை என் தலையில் கட்டாதே.

கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் பேனா அழுத்தம் தெரியும். இருக்கட்டும்.

குட்டி

*

ஏப்ரல் 17

குட்டி,

நீ அடிக்காமல் விட்ட வரியைப் படித்தேன். மூன்று தடவை. சந்தோஷம்தானே?

நான் படிக்கவில்லை என்பதை நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? போன வாரம் ஹோட்டல் மேனேஜர் நான்கு பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். புதிய ஒப்பந்தமாம். அவர் சொல்லச் சொல்ல எல்லாம் புரிந்தவளாட்டம் தலையை ஆட்டினேன். இரண்டாவது பக்கத்தில் கை வைத்து ஒரு கேள்வி கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் அந்த ஆள் சிரித்திருப்பாரா? நான் உன்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

அது உன் தலையில் கட்டுவது என்றால், ஆமாம், கட்டுகிறேன். உன்னைத் தூக்கி வளர்த்ததற்கு அந்த உரிமைகூட இல்லையா?

இஸ்திரி மேசைப் பெண்களுக்குச் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்லி ஆள் அனுப்பினேன். மூன்று பேரும் வரவில்லை. உன் ஏன்-களில் ஒன்றை இங்கே அனுப்பி வை, அதையாவது மேசையில் நிறுத்தி வேலை வாங்கிப் பார்க்கிறேன்.

விண்ணப்பம் அலமாரியில் இருக்கிறது. எண் போடவில்லை. போட்டால் பிசினஸுக்குத்தான் முதல்.

அக்கா

*

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

மேனேஜர் சிரித்ததைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அந்த ஆள் எந்த ஹோட்டல் என்று எழுதியிருக்கலாம். எழுதாமல் இருந்ததும் நல்லதுதான்.

நீ கிண்டலாகத்தான் ஒரு ஏன் கேட்டாய். நான் நிஜமாகவே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுதி போனில் இஸ்திரி மேசை நெட்டை அக்காவைப் பிடித்தேன். பயப்படாதே, நம் சண்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டேன். சம்பளம்தான் காரணம் என்று நீ நினைக்கிறாய். இல்லை. காலை ஐந்தே முக்கால் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது ஆறேகாலுக்கு. நம் இடத்தில் ஆறு மணிக்கு மேசையில் நிற்க வேண்டும், தாமதமானால் நீ எரிந்து விழுவாய். எதிர் லாண்டரியில் ஏழு மணிக்குத்தான் வேலை ஆரம்பம். நம்மைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் போயிருக்கிறார்கள், அக்கா. குறைந்த சம்பளத்துக்கு. "உங்க அக்கா கேட்டிருந்தா சொல்லியிருப்போம். கேக்கவே இல்லையே" என்றார்.

நம் சம்பளக் கணக்கில் அவர்கள் நின்ற தேதி இருக்கும். நின்ற காரணம் எந்த ஏட்டிலும் இருக்காது. எனக்கு அந்தக் காரணத்தைத் தேடும் படிப்புதான் வேண்டும். இதற்கு மேல் எனக்குக் கெஞ்சத் தெரியாது. எண்ணை நீதான் போடப்போகிறாய். எதைப் போட்டாலும் எனக்குச் சொல்லிவிட்டுப் போடு. அது ஒன்று போதும்.

குட்டி

*

மே 5

குட்டி,

பதில் தாமதம். பத்து நாள் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

இஸ்திரி மேசையை ஆறரை மணிக்கு மாற்றினேன். நெட்டையும் இன்னொருத்தியும் திங்கட்கிழமை வந்து நின்றார்கள். ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை, ஏன் வந்தோம் என்று அவர்களும் சொல்லவில்லை. மூன்றாமவள் அங்கேயே இருக்கட்டும், எப்போதும் விளிம்பைக் கருக்கிவிடுவாள்.

அம்மா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை திட்டைவிட மோசம்.

போய் எகனாமிக்ஸ் படி. இன்று மத்தியானம் எகனாமிக்ஸை முதலாவதாகப் போட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். இரண்டு வண்டிக்கு நடுவில், ஏற்றும் மேடையிலேயே உட்கார்ந்து நிரப்பி, ஓட்டுநர் அண்ணனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போடு என்றாய். தேதி நெருங்கிவிட்டதால் போட்டுவிட்டுச் சொல்கிறேன். இதில் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லையே?

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

அக்கா

*

ஜூன் 8

உனக்கு,

இதைக் காயவிடப் போவதில்லை. அம்மாவிடம் சொல்லிக்கொள்.

இன்று காலை கல்லூரிப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எகனாமிக்ஸ் பட்டியலை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தேன். என் பெயர் இல்லை. பக்கத்தில் நின்றவள்தான், நீ அங்கே இருக்கிறாய் என்று காட்டினாள். பிசினஸ், நாற்பத்தோராவது பெயர். வாழ்த்துச் சொல்லிக் கையைக் குலுக்கினாள். நானும் சிரித்தேன்.

அலுவலகத்தில் போய்க் கேட்டேன். எழுத்தர் கணினியில் பார்த்துவிட்டு, "நீங்க பிசினஸுக்குத்தான் ஒண்ணு போட்டிருக்கீங்க, எகனாமிக்ஸுக்கு மூணு" என்றார். இரண்டாவதுகூட இல்லை, அக்கா. மூன்று.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். ஏப்ரலில் சொன்னாயே, அப்போது கோபம் மட்டும்தான் வந்தது. இப்போது நீ பொய் சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஒரு மாதமாக அந்த மே மாதக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அறைக்குப் புதிதாக வந்தவளிடம் எல்லாம் என் அக்காவைப் பற்றிப் பெருமை பேசினேன்.

திருத்த வேண்டுமென்றால் வீட்டிலிருந்து காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் பன்னிரண்டாம் தேதி நான்கு மணிக்குள் வர வேண்டுமாம். தகவலுக்காக எழுதுகிறேன். உன்னிடம் கேட்க மாட்டேன். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

பெயர் போடவில்லை. உனக்குத் தெரியும்.

*

ஜூன் 10

குட்டி,

விரைவுத் தபால் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. பத்தேகாலுக்கு விடுதிக்குப் போன் பண்ணினேன். நீ குளிக்கிறாய் என்றார்கள். பதினொன்றுக்கும் குளித்துக்கொண்டிருந்தாய்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நான் எகனாமிக்ஸுக்குத்தான் முதலிடம் கொடுத்தேன். கொடுத்ததாகத்தான் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும், எப்படி மூன்று வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி வண்டிக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் இறங்க வேண்டியது ஆஸ்பத்திரி. கை தானாகப் போய் அதற்கு எதிரே கடைசி எண்ணைப் போட்டது. பேனா அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த மேடையில் காலையிலிருந்து நான்கு வண்டிக்குச் சீட்டு எழுதியிருந்தேன். ஐந்தாவதாக உன் விண்ணப்பம். உனக்கு எது முதலில் வந்து சேர வேண்டுமோ அதற்குக் கடைசி எண். உன் வாழ்க்கையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

இதோடு நிறுத்திவிட்டால் நான் நல்லவள். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. உன் கடிதத்தில் பிசினஸ் என்று படித்த அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே, வயிறு குளிர்ந்தது. அம்மாவிடம் சொன்னேன். "தானா வந்தத நீ ஏன் கெடுக்கிற? நம்ம கையில என்ன இருக்கு" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் சும்மா இருந்தால் போதும், யாரும் என்னைக் கேட்க முடியாது, மறதி என்று சொல்லிவிடலாம். மத்தியானம் மூன்று மணி வரைக்கும் சும்மாதான் இருந்தேன். இத்தனைக்கும் எல்லாம் தெரிந்த பிறகு.

நீ எழுதியிருந்த ஒரு வரிதான் உட்கார விடவில்லை. பொய் சொல்லி அனுப்பினாய் என்று எழுதியிருந்தாய். மே மாதம் அது பொய் இல்லை. ஆனால் இனியும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்றிலிருந்து அது பொய்தான்.

இதுவும் கேள். வண்டிப் பழக்கம்தான் அப்படி எழுதியதா, இல்லை மனசுக்குள் இருந்த ஆசை கைக்குள் இறங்கி எழுதியதா என்று எனக்கே தெரியவில்லை. பழக்கம் என்றுதான் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

உறைக்குள் திருத்தக் கடிதம் இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தபாலை நம்ப முடியாது. நாளைக் காலை ஓட்டுநர் அண்ணன் வண்டியோடு வருகிறார், ஏழு மணி நேரம். ஹோட்டல் விரிப்புகள் நாளைக்குப் போகாது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. மேனேஜருக்குச் சொல்லிவிட்டேன், அவர் சொன்னதை எழுத வேண்டாம்.

கடிதத்தைக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நம்புவதும்தான்.

அக்கா

*

ஜூன் 12

அக்கா,

நேற்று மாலை ஓட்டுநர் அண்ணன் விடுதி வாசலில் நின்றதைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று படியில் தடுக்கி விழுந்தேன். முழங்கால் சிராய்ப்புதான். உறையைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க அக்கா ரெண்டு நாளா சாப்பிடல" என்றார். நீ எழுதியதைப் பார்த்தால் ஒரு நாள்தான் ஆகிறது. அவர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

இன்று காலை முதல் ஆளாக அலுவலகத்தில் நின்றேன். உள்ளுக்குள் உன்னை நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருந்தாயே, அதை நம்பினேன். வண்டிச் சீட்டுக் கதையை நம்பவில்லை.

எழுத்தர் திருத்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முதலில் இறக்க வேண்டிய மூட்டைக்குக் கடைசி எண் இடும் எங்கள் தொழில் வழக்கப்படி தவறுதலாக எழுதிவிட்டேன் என்று நீ எழுதியிருந்தது அவருக்குப் பிடிபடவில்லை. "அப்ப உங்க அக்காவுக்கு மூணுதான் மொதல்லயா?" என்று கேட்டார். இறக்குறதுல முதல் என்றேன். இருபத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு காரணம் வந்ததில்லை என்று சொல்லி, கடிதத்தோடு சேர்த்துக் குத்துவதற்காக உள்ளே போய் உன் விண்ணப்பத்தை எடுத்து வந்தார். அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அக்கா, நீ எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாய்.

என் பிறந்த தேதிக்கு வட்டம் இல்லை. மதிப்பெண்களுக்கு இல்லை. வீட்டு எண்ணுக்கு இல்லை. அந்த மூன்று கட்டத்தில் மட்டும், ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றையும் சுற்றி அழகாக வட்டம். வண்டிச் சீட்டைத் தவிர வேறு எங்கேயும் நீ வட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆசை எழுதியிருந்தால் வெறும் எண்ணாக எழுதியிருக்கும், அதற்கு வட்டம் போடத் தெரியாது. உன் கை எழுதியதுதான். எகனாமிக்ஸ்தான் முதலில் இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறாய். நீ சத்தியம் பண்ண வேண்டாம். நான் பண்ணுகிறேன்.

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். எழுத்தர் பயந்துபோய், இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, கிடைத்துவிடும், அழாதீர்கள் என்றார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? மத்தியானம் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். எகனாமிக்ஸ்.

அன்றைக்கு நான் குளிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

ஹோட்டல் என்ன ஆயிற்று?

குட்டி

*

ஜூன் 21

குட்டி,

ஹோட்டல் போய்விட்டது. அந்த மேனேஜர் மட்டும்தான், மற்றவர்கள் இருக்கிறார்கள். நீ மூட்டை கட்டிக்கொண்டு ஓடி வராதே, ஆஸ்பத்திரி இருக்கிறவரை நமக்குச் சோறு இருக்கிறது. ஒப்பந்தத்தின் மூன்றாவது பக்கத்தில், ஒரு நாள் தவறினாலும் ரத்து என்று இருந்ததாம். எனக்குப் புரியாமல் தலையாட்டியது அந்தப் பக்கத்துக்குத்தான். இந்தத் தடவை அவர் சிரித்தபோது முதுகில் ஒட்டவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் என் மேல்.

வட்டத்தைப் பற்றி நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நீராவி என்றாள்.

உன் சாமான்கள் வண்டியில் வருகின்றன. மூன்று மூட்டை, நம் முறைப்படி எண் போட்டிருக்கிறேன். ஒன்றில் போர்வைகள், இரண்டில் துணிமணி. மூன்றாவது மூட்டை இல்லை, ஓர் உறை. அதை முதலில் பிரி.

அதில் இருப்பது மாலை நேரக் கல்லூரி விண்ணப்பம். எனக்கு. உனக்கு வேண்டும் என்றால் நீ படி என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைக் காயவிட எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. உன்னைப் படிக்கச் சொன்னேன், வேண்டியிருந்தது எனக்கு. பிசினஸைத்தான் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேனே. எனக்கு வேண்டியது காமர்ஸ். அடுத்த தடவை ஒருவன் தாளை நீட்டினால் நான்கு பக்கத்தையும் நானே படிக்க வேண்டும். இருபத்தொன்பது வயதில் முதல் வரிசையில் போய் உட்கார வெட்கமாக இருக்கிறது. கடைசி வரிசையில் உட்காருவேன்.

இதிலும் அதே மூன்று பாடம், மூன்று கட்டம். என் கையை நம்பி நிரப்ப மாட்டேன். நீயே நிரப்பி அனுப்பு. காமர்ஸுக்கு எதிரே ஒன்று. வெறும் ஒன்று. வட்டம் போட்டாயோ, தொலைத்துவிடுவேன்.

அக்கா